நம் பிள்ளையின் கொப்பியில் எந்த ஊர்?



இந்த மாதம் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறோம். உங்கள் பிள்ளையின் சித்திரக் கொப்பியை எடுத்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே காட்சிதான் இருக்கும். இரண்டு மலைகள். நடுவே பாதி முகம் காட்டும் சூரியன். மலையடியிலிருந்து வளைந்து வளைந்து இறங்கும் ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை, வானத்தில் சரி அடையாளம் போட்டதுபோல நாலைந்து பறவைகள். நாமும் சிறு வயதில் இதைத்தான் வரைந்தோம். நமக்குச் சித்திரம் படிப்பித்த ஆசிரியரும் தம் சிறு வயதில் இதையேதான் வரைந்திருப்பார்.

இதில் என்ன பிழை என்று கேட்பீர்கள். அழகான காட்சிதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை ஏது? சுண்ணாம்புக் கல்லின்மேல் தட்டையாகப் பரந்து கிடக்கும் மண் இது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இங்கில்லை. வழுக்கையாறு என்று பெயர் சொல்ல ஒன்று உண்டு. அதுவும் மாரி மழைக்குத்தான் ஓடும். கிணற்றை நம்பி வாழ்ந்த ஊர் நமது ஊர். அப்படியிருக்க, கண்ணால் காணாத மலையைப் பிள்ளை வரைகிறது. காலையும் மாலையும் தண்ணீர் அள்ளும் கிணற்றை வரைவதில்லை. “மகன், நம்மட தெருவைக் கீறலாமே” என்று சொல்லிப் பாருங்கள். “அதில கீற என்ன இருக்கு?” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

இந்தக் கேள்வியைச் சும்மா தட்டிவிடக் கூடாது. தெருவில் கீற என்ன இருக்கிறது? இதற்கு நல்ல பதில் சொன்ன மனிதர் ஒருவர் இருக்கிறார். அவர் பெரிய படிப்பாளி அல்லர். மத்தியப் பிரதேசத்தில் பட்டங்கர் என்ற கோண்டு பழங்குடிக் கிராமத்தில் 1971இல் பிறந்தவர். பெயர் பஜ்ஜு ஷியாம். வறுமையால் இளம் வயதிலேயே வீட்டை விட்டு வேலை தேடிப் போனார். மரக்கன்று நட்டார். போபால் நகரத்தில் இரவுக் காவலாளியாக இருந்தார். மின்சார வேலை பார்த்தார். அவருடைய சிறிய தந்தை முறையான ஜங்கர் சிங் ஷியாம் அப்போது போபாலில் பேர்பெற்ற ஓவியர். கிராமத்து மண் சுவர்களிலும் தரையிலும் பெண்கள் இடும் கோலங்களின் மரபிலிருந்து எழுந்து, தாளிலும் துணியிலும் வரைந்து காட்டியவர் அவர். பஜ்ஜுவைத் தம்மிடம் சேர்த்து, ஓவியங்களின் உட்பகுதியை மெல்லிய கோடுகளாலும் புள்ளிகளாலும் நிரப்பும் வேலையைக் கொடுத்தார். தொழில் அப்படித்தான் கைக்கு வந்தது.

2002ஆம் ஆண்டு லண்டன் நகரத்தில் ஓர் இந்திய உணவகத்தின் சுவர்களில் ஓவியம் வரைய பஜ்ஜுவை அழைத்தார்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் அங்கே தங்கினார். காட்டோரக் கிராமத்தில் பிறந்தவர், ஆங்கிலம் தெரியாது, விமானத்தில் ஏறியதும் புதிது. திரும்பி வந்து தாம் கண்ட நகரத்தை வரைந்தார். சென்னையில் உள்ள தாரா புக்ஸ் பதிப்பகம் அதை 2004இல் படப் புத்தகமாக வெளியிட்டது. ‘லண்டன் ஜங்கிள் புக்’ என்று அதற்குப் பெயர். ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் மத்திய இந்தியக் காட்டைக் கதையாக்கிப் புகழ் பெற்றார் அல்லவா? இங்கே அந்தக் காட்டுப்பக்கத்து மகன் ஆங்கிலேயரின் தலைநகரத்தைப் படமாக்கினார். கணக்கு நேராகிவிட்டது எனலாம்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாமெல்லாம் லண்டனை வரையச் சொன்னால் என்ன செய்வோம்? அஞ்சலட்டையில் இருக்கும் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பார்த்து அப்படியே கீறுவோம். பஜ்ஜுவும் அந்தக் கோபுரத்தை வரைந்தார். ஆனால் கோபுரத்தோடு ஒரு சேவலையும் ஒன்றாகச் சேர்த்து வரைந்தார். அவர் ஊரில் நேரம் சொல்வது சேவல். லண்டனில் நேரம் சொல்வது அந்தக் கோபுரம். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும்போது ஒரே உடம்பாக இருந்தால் என்ன? புத்தகத்தின் அட்டையிலும் அந்தச் சேவல்தான் நிற்கிறது.

நிலத்துக்கு அடியில் ஓடும் ரயிலைப் பார்த்தார். பூமிக்குக் கீழே இன்னோர் உலகம் உண்டு, அதை ஆள்வது பெரிய மண்புழு என்று கோண்டு மக்களின் கதை சொல்கிறது. ஆகவே லண்டனின் பாதாள ரயிலில் அவருக்கு மண்புழு அரசன் தெரிந்தான். நெளிந்தோடும் வண்டிகள் பாம்புகளாகத் தெரிந்தன. விமானமோ சிறகு முளைத்த யானை. அவ்வளவு பாரமான ஒன்று எப்படி மேலே எழும்புகிறது என்ற வியப்பு அந்த யானையின் உடம்பில் அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றிலும் நமக்குப் பிடித்தது பஸ் படம். தங்கியிருந்த இடத்துக்கும் வேலைத் தலத்துக்கும் இடையே அவர் தினமும் 30ஆம் இலக்க பஸ்ஸில் போய்வந்தார். பாஷை தெரியாத ஊரில் வழி தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த ஒரு பஸ்தான். அதனால் அதை விசுவாசமுள்ள நாயாக வரைந்தார். சிவப்பு நிறம், இரண்டு தட்டு, இத்தனை சில்லு என்று எண்ணிக்கொண்டிருக்கவில்லை. இந்தப் பஸ் எனக்கு என்ன செய்தது என்று கேட்டார். பதில் படமாக வந்தது.

நகரத்தைப் பார்க்கும் முறை இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் லண்டனைக் கண்டு மிரண்டு போகவில்லை. தம் கிராமத்துக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு அந்நாட்டுக் கண்ணை மாட்டிக்கொள்ளவும் இல்லை. தம் ஊர்க் கதைகளையும் மிருகங்களையும் கையோடு கொண்டுபோய் அவற்றை வைத்தே அந்த நகரத்தை அளந்தார். பின்னாளில், 2018இல், இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

புதிதாக ஓர் ஊருக்குப் போனவருக்கு எல்லாம் வியப்பாகத்தான் இருக்கும், பிறந்து வளர்ந்த தெருவில் என்ன வியப்பு என்று சிலர் சொல்லலாம். அவர்களுக்கு இன்னொருவரைக் காட்டுகிறோம். அமெரிக்காவின் நியூயோர்க் நகரம், புரூக்ளின் பகுதி. போலந்திலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதக் குடும்பத்தில் 1916இல் பிறந்தவர் எஸ்ரா ஜாக் கீற்ஸ். பிறருடைய கதைகளுக்குப் படம் வரைந்து பிழைத்தவர். ஆண்டுகள் பல ஓடின. தாம் படம் போட்ட புத்தகங்களில் கறுப்பினப் பிள்ளை ஒன்றுகூடக் கதாநாயகனாக வரவில்லை என்பது அவர் மனதை உறுத்தியது. 1940இல் ஒரு சஞ்சிகையில் கண்ட கறுப்பினச் சிறுவன் ஒருவனின் புகைப்படங்களை வெட்டி எடுத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்தார். 1962இல் தாமே கதை எழுதிப் படமும் செய்தபோது அந்தச் சிறுவன் புத்தகத்துக்குள் வந்தான். பெயர் பீற்றர். சிவப்பு உடுப்பு. காலையில் எழும்புகிறான், தெருவெல்லாம் பனி. வெளியே போய் விளையாடுகிறான். கதை அவ்வளவுதான். மறு ஆண்டே அந்நாட்டின் சிறந்த படப் புத்தகத்துக்கான கால்டிகொற் விருது அதற்குக் கிடைத்தது. 2020இல் நியூயோர்க் பொது நூலகம் தன் கணக்கை வெளியிட்டபோது, அதன் வரலாற்றிலேயே மிக அதிகம் இரவல் போன புத்தகம் இதுதான் என்று தெரியவந்தது. 4,85,583 தடவை!

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. விலையுயர்ந்த சாயப் பெட்டியால் மட்டும் செய்த படங்கள் அல்ல அவை. பலவகைத் தாள்களை வெட்டி ஒட்டினார். பீற்றரின் தாயாருடைய சட்டைக்கு, அலுமாரித் தட்டில் விரிக்கும் மெழுகுசீலையை வெட்டி எடுத்தார். பனித் துகளுக்கு அழிறப்பரைச் செதுக்கி அச்சாகக் குத்தினார். பின்னணியில் ஒரு சாம்பல் தூவல் வேண்டியிருந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷில் மையைத் தோய்த்துத் தெளித்தார். “கலர் வாங்கித் தந்தாத்தான் கீறுவேன்” என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லலாம்.

நம் நாட்டிலும் முன்னோடி ஒருவர் இருந்தார். சிபில் வெத்தசிங்ஹ 1927இல் காலிக்கு அருகே கிந்தோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. 1956இல் அவர் எழுதி வரைந்த ‘குட ஹொரா’, அதாவது குடைத் திருடன் கதை, கடல் கடந்தும் போனது. குடையையே அறியாத கிராமத்திலிருந்து ஒரு மனிதர் பட்டணம் போகிறார். அங்கே சனங்கள் குடை பிடித்துப் போவதைக் கண்டு அதிசயித்து ஒன்று வாங்கி வருகிறார். அது களவு போகிறது. பட்டணத்தின் அழகு முழுவதும் அந்தக் குடைகளில்தான் இருக்கிறது. 2020இல் தமது 92ஆவது வயதில் காலமாகும்வரை அவர் வரைந்துகொண்டே இருந்தார். நகரத்தில் வாழ்ந்துகொண்டு, சிறு பிள்ளையாக விட்டுவந்த கிராமத்தை நினைவிலிருந்தே எடுத்து எடுத்து வரைந்தார். அந்த வேலி, அந்தத் திண்ணை, அந்தக் கிழவிகள். விட்டு வந்த ஊரைக் கை மறக்கவில்லை.

விட்டு வந்த ஊர் என்றதும் நமக்குள் ஏதோ அசைகிறது அல்லவா? அதற்கு வருவோம்.

அதற்கு முன் நம் யாழ்ப்பாணப் பட்டணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கை வந்ததன் நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கிறது. ஒல்லாந்தர் விட்டுப்போன ஐங்கோணக் கோட்டை இருக்கிறது. 1981இல் எரிக்கப்பட்டு, பின்னர் மீளக் கட்டப்பட்ட பொது நூலகம் வெள்ளைக் கும்மட்டங்களோடு நிற்கிறது. சந்தையில் பனங்கட்டிக் குட்டானும் ஒடியலும். சிவப்பு இ.போ.ச. பஸ். பின்னால் மூட்டையும் முன்னால் பிள்ளையுமாகப் போகும் சைக்கிள். கொடிகாமம் பக்கம் ஓடிய தட்டிவான். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய பழைய ஒஸ்ரின் கார். இவற்றில் ஒவ்வொன்றும் பஜ்ஜுவின் கையில் கிடைத்திருந்தால் என்ன மிருகமாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

யாழ்தேவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் ஓடத் தொடங்கிய ரயில். 1990 ஜூனில் யாழ்ப்பாணம் வருவது நின்றது. தண்டவாளம் போனது, சிலிப்பர் கட்டை போனது. 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு வந்தது. இடையில் 24 ஆண்டுகள். அந்தக் காலத்தில் இங்கே பிறந்து இங்கேயே வளர்ந்த பிள்ளை ரயிலைப் புத்தகத்தில்தான் கண்டது. அந்த ரயில் எந்த மிருகம்? நாம் சொல்ல மாட்டோம். பிள்ளையிடம் கேளுங்கள்.

பெரியவர்கள் இங்கேதான் குறுக்கே நிற்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்திரப் போட்டி என்றால் நாம் கொடுக்கும் தலைப்பு ‘சமாதானம்’, ‘சுற்றாடலைக் காப்போம்’. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? ஒரு புறா, ஒரு பூமிப் பந்து, அதைத் தாங்கும் இரண்டு கை. பரிசும் அதற்கே போகும். ‘எங்கள் ஒழுங்கை’ என்று தலைப்புக் கொடுத்த போட்டி ஒன்றையும் நாம் கண்டதில்லை.

இனி நம் சோனகத் தெருவுக்கு வருகிறோம். 1990 அக்டோபர் 30. அன்று யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார், முல்லைத்தீவு முதலிய இடங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்களைச் சேர்த்தால் வடக்கு முஸ்லிம்களின் தொகை எழுபதாயிரத்தைத் தாண்டும். பெரும்பாலோர் புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தனர். உடுத்த உடுப்போடு போனவர்கள் அல்பத்தையா எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்? படம் போயிற்று, பத்திரம் போயிற்று. 2009இல் யுத்தம் முடிந்தபின் சில குடும்பங்கள் திரும்பின. திரும்பியவர்கள் கண்டது கூரையில்லாத சுவர்களையும் சுவரைப் பிளந்த ஆலங்கன்றுகளையும்தான். புத்தளத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஐந்துசந்தியும், ஒஸ்மானியாக் கல்லூரியும், ஜின்னா மைதானமும் உம்மும்மாவின் வாயில் வரும் பெயர்கள். அவ்வளவே. வெளியேறிய நாளில் பத்து வயதாக இருந்தவரே இன்று நாற்பதைத் தாண்டிவிட்டார். அன்று குடும்பத் தலைவியாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மையித்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தத் தெருவும் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த இழப்பைக் கோட்டில் பிடித்துவைத்த புத்தகம் ஒன்று உண்டு. அது சிறுவர் புத்தகம் அல்ல. ஆனால் நம் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஓவியர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிப்பவர், தா. சனாதனன். 2011இல் வெளியான அவருடைய நூலை ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று தமிழில் சொல்லலாம். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த மக்களிடம் அவர் போனார். தமிழரும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். நீங்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தாருங்கள் என்று கேட்டார். ஓவியம் பயிலாத கைகள்தான் கீறின. எங்கே வாசல், எங்கே அடுப்படி, எங்கே கிணறு, எந்த மூலையில் முருங்கை. அந்தக் கைக்கோட்டை வைத்துக் கட்டடக் கலைஞர் முறையாக வரைபடம் தயாரித்தார். பிறகு சனாதனன் தம் பங்குக்கு ஓர் ஓவியம் வரைந்தார். இப்படி எண்பது வீடுகள். முழு நூலும் அரசாங்கக் கந்தோர்க் கோப்பு போலவே கட்டப்பட்டிருக்கிறது. காணி உறுதி தொலைந்தவர்களுக்கு அது ஓர் உறுதி.

படத்தில் மனிதர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி நம் வீடுகளில் தயக்கம் உண்டு. அந்த விவாதத்தை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறோம். மரம், வீடு, கிணறு, தெரு, படலை, இவற்றை வரைவதில் எவருக்கும் ஆட்சேபம் இல்லை. சித்திரமே வேண்டாமென்று பிள்ளையின் கையிலிருந்து பென்சிலைப் பறிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பஜ்ஜு பஸ்ஸை நாயாக்கினார். நம் பிள்ளை அதே பஸ்ஸை, வீடு கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு சிவப்புப் படலையாக்கட்டுமே.

இனி வேலையைச் சொல்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சாப்பாடும் முடிந்தபின், பிள்ளையை உம்மும்மாவின் பக்கத்தில் இருத்துங்கள். பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் போதும். “யாழ்ப்பாணத்து வீட்டைச் சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்க வேண்டாம், பெருமூச்சுத்தான் வரும். வாசலில் நின்றால் இடக்கைப் பக்கம் யாருடைய வீடு? கிணற்றடிக்கு எந்தக் கதவால் போவது? தையல் மிசின் எந்த ஜன்னலோரம் இருந்தது? நோன்புக் கஞ்சி காய்ச்சிய அடுப்பு எங்கே? பாங்கு எந்தத் திசையிலிருந்து கேட்டது? இப்படி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பிள்ளை கீறட்டும். உம்மும்மா “இல்ல, அது இந்தப் பக்கம்” என்று சொன்னால் அழிறப்பர் எடுக்க வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு கோடு போடட்டும். இரண்டு கோடும் இருக்கட்டும்.

யாழ்ப்பாணத்தில் இருக்கும் வாசகர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போங்கள். எந்த மதிலும் யாருடையதும் விலக்கல்ல. பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தின் பூவரச வேலியும் படத்தில் வரட்டும், எதிரே உள்ள சைக்கிள் கடையும் வரட்டும். இடிந்த சுவரை இடிந்தபடியே கீறட்டும். நாம் திருத்த வேண்டாம்.

முடிந்ததும் தாளின் பின்புறத்தில் மூன்று விடயங்களை எழுதிவையுங்கள்: தெருவின் பெயர், சொன்னவரின் பெயர், கீறிய திகதி. பென்சிலில் எழுதாமல் பேனையால் எழுதுங்கள். மடித்தால் மடிப்பில் கிழியும்; ஆகவே சுருட்டாமல் மடிக்காமல், வீட்டுப் பத்திரங்கள் வைக்கும் கோப்பிலேயே தட்டையாக வைத்துவிடுங்கள்.